நல்ல பக்கத்தில் வைத்த காந்தம்

அன்று அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர், சாய்ந்த நாற்காலியில், தலையில் வெள்ளைத் துணித் தொப்பியோடு. அவருக்குப் பின்னால் மிசின் பிள்ளை, காந்தத்தைக் கையில் பிடித்தபடி. காந்த மிசினை ஓட்டுகிற பெண்ணுக்கு நாங்கள் வைத்த பேர் அது. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கதவை அடைத்துக்கொண்டு என் வீட்டுக்காரருடைய அண்ணன். அண்ணனுக்குப் பின்னால் அண்ணன் பெண்டாட்டி, கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தபடி. அவர்களோடு வீரகேரளம்புதூரிலிருந்து வந்திருந்த ஒரு சொந்தக்காரர். எதற்கு வந்தோம் என்று அவருக்கே தெரியாது. சுவரோரம் ஸ்டூலில் நான். டாக்டர் அம்மா இன்னும் வரவில்லை. ஆக ஆறு பேர். அதில் விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர். சத்தம் போட்டவர்கள் மற்ற மூன்று பேர்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் இருக்கிறது அந்த ஆஸ்பத்திரி. தலையில் கட்டி எடுத்த பிறகு அசையாமல் கிடந்த வலது கைக்காக அங்கே போய்க்கொண்டிருந்தோம். அன்று ஆறாவது நாள். மிசின் பிள்ளை தினமும் செய்வதைத்தான் அன்றும் செய்தாள். தலையின் வலது பக்கம் காந்தத்தை வைத்து ஒரு தட்டுத் தட்டி, இடம் பிடிபட்டதா என்று பார்த்தாள். ‘டக்’ என்றது. அவருடைய இடது கைப் பெருவிரல் துள்ளியது. இடம் சரி என்று அதற்கு அர்த்தம். அண்ணன் அதைப் பார்த்துவிட்டார்.

“ஏட்டி, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? அறுத்தது இடது பக்கம். விழுந்தது வலது கை. நீ வலது மண்டையில வச்சி இடது கைய ஆட்டுதே. நல்லாருக்க கைக்கா வைத்தியம் பாக்க வந்திருக்கோம்?”

“அதான” என்றார் சொந்தக்காரர். அதைச் சொல்லத்தான் அவரைக் கூட்டி வந்திருந்தார்கள் என்று அப்போது தெரிந்தது.

“அண்ணாச்சி, அது அப்பிடித்தான் வைக்கணும். டாக்டர் வந்து சொல்லுவாங்க, ஒரு நிமிசம் இருங்க” என்றாள் மிசின் பிள்ளை.

“ஒரு நிமிசத்துல இருக்க நல்ல கையும் போயிரும். நீ படிச்சிப் பழக எங்க வீட்டு மண்டைதான் கெடச்சுதா?”

“அன்னைக்கே சொன்னேன், சின்னப் பிள்ள கையில மண்டையக் குடுக்காதியன்னு” என்றாள் அண்ணன் பெண்டாட்டி. அவள் எந்த அன்றைக்கும் எதுவும் சொன்னதில்லை.

அண்ணன் உள்ளே வந்து என் வீட்டுக்காரருடைய இடது கையைப் பிடித்து இழுத்தார். அவர் எழுந்தார். தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. அண்ணன் பின்னால் போனார், தொழுவத்துக்குத் திரும்புகிற மாடு போல. கல்யாணமான பதினாறு வருசத்தில் அந்த மனுசன் என்னைச் சத்தம் போடாத நாள் குறைவு. சோற்றில் உப்புக்கு ஒரு சத்தம், சட்டையில் பித்தானுக்கு ஒரு சத்தம். அண்ணன் முன்னால் மட்டும் அந்தத் தொண்டை எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது. மூளையைத் திறந்து பார்த்த டாக்டர்களுக்கும் அது அகப்படவில்லை.

அவருக்குக் கைதான் பிழைப்பு. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். அருவிக்குப் போகிற வழியில், அண்ணன் மூலிகை எண்ணெய் காய்ச்சி பாட்டிலில் அடைத்து விற்கிற கடை. கடைக்கு முன்னால் நாலு பெஞ்சு. பெஞ்சில் குப்புறக் கிடக்கிற ஆட்கள் முதுகில் இவர் கை. வேலை நன்றாகத் தெரியும், அதைக் குறை சொல்ல மாட்டேன். எந்த முதுகில் எங்கே பிடித்திருக்கிறது என்று தொட்டதும் அந்தக் கைக்குத் தெரியும். கையோடு நின்றிருக்கலாம். வாயும் கூடவே வேலை செய்யும். “இந்தக் கை பட்டா செத்த நரம்பு எந்திரிக்கும் சாமி. வாதத்துல கெடந்த ஆள மூணே நாளுல நடக்க வச்சி அனுப்பினேன்.” அந்த ஆள் எந்த ஊர் என்று நான் கேட்பேன். ஒரு தடவை சங்கரன்கோவில் என்றார். ஒரு தடவை கொல்லம். ஒரு தடவை பேர் சொல்லக்கூடாத பெரிய மனுசன். அந்த ஆள் நன்றாகத்தான் நடந்திருக்கிறான், அத்தனை ஊருக்கும்.

கை விழுந்தது ஒரு நாளில் இல்லை. முதலில் எண்ணெய்க் கிண்ணம் நழுவியது. பிறகு ஒரு ஆள் முதுகில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. “என்ன அண்ணாச்சி, ஒறங்கிட்டியளா?” என்று அந்த ஆள் கேட்டானாம். அண்ணன் வந்து பார்த்தார். வாயு என்றார். தன் எண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்தார். ஒரு மாதம் தேய்த்தார். விரல் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டிருந்தது, இவர்கள் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் வெட்டி வெட்டி இழுத்து விழுந்தார். அண்ணன் ஓடி வந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். இரும்பு பட்டால் வலிப்பு நிற்குமாம். அந்தக் கை சாவியைப் பிடிக்கவில்லை. நான் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளையின் இடது பக்கம், மேல் சவ்வில், எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி. மதுரைக்குப் போனோம். மண்டையைத் திறந்து எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை, திரும்பி வருவது அபூர்வம் என்றார்கள். பார்க்க வந்தவர்கள் வரிசையாக வந்தார்கள். ஆளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம், ஆளுக்கு ஒரு செத்துப்போன ஆளின் கதை. இதே மாதிரி தலையில் அறுத்து, வீட்டுக்கு வந்து, நாலாம் நாள் போய்விட்ட ஒருவரை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பழத்தை வாங்கி வைத்தேன். கதையையும் வாங்கி வைத்தேன். பழம் அழுகியது.

உயிர் வந்துவிட்டது, கை வரவில்லை. தோள் தூக்கும், முழங்கை கொஞ்சம் மடங்கும். மணிக்கட்டுக்குக் கீழே கழுவித் தொங்கப்போட்ட துணி. இரண்டு மாதம் ஆகியும் அப்படியே. அப்போதுதான் தென்காசி ரோட்டில் இந்த மிசின் இருக்கிறது என்று மதுரை டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

முதல் நாள் போனபோது எனக்கும் ஏளனமாகத்தான் இருந்தது. காந்தம் என்றதும் என்னென்னவோ நினைத்துப் போயிருந்தேன். எட்டு எண் மாதிரி இரண்டு கறுப்பு வளையம், ஒரு கைப்பிடி, ஒரு ஒயர். ஊசி இல்லை, மருந்து இல்லை. மோதிரம், அரைஞாண், செல்போன், சாவி எல்லாவற்றையும் கழற்றி வெளியே வைக்கச் சொன்னார்கள். தலைக்குள் கிளிப்பு, தகடு ஏதும் வைத்திருக்கிறதா என்று மதுரைக் காகிதத்தை வரி வரியாகப் படித்தார்கள். வலிப்பு மாத்திரையை நேரம் தவறாமல் போடுகிறாரா என்று என்னிடம் கேட்டார்கள். பிறகு தலையில் அதை ஒட்டி வைத்து ‘டக், டக்’ என்று தட்டினார்கள். வினாடிக்கு ஒரு தட்டு. வலிக்கிறதா என்று கேட்டேன். விரலால் மண்டையில் சுண்டுகிற மாதிரி இருக்கிறது என்றார். நான் பீடி சுற்றுகிறவள். எண்ணாமல் இருக்கத் தெரியாது. ஆயிரத்து இருநூறு தட்டு. இதற்கா இவ்வளவு பெரிய கட்டிடம் என்று நினைத்தேன்.

ஏன் நல்ல பக்கத்தில் வைக்கிறீர்கள் என்று அன்றைக்கே நானும் கேட்டேன். அண்ணன் கேட்ட அதே கேள்விதான். ஆனால் நான் கேட்டுவிட்டு பதிலுக்கு நின்றேன். டாக்டர் அம்மாவுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். நம் பேச்சே பேசுவார்.

“மூளை ரெண்டு பாதிம்மா. வலது கைய ஆட்டுதது இடது பாதி. அதுல கட்டி இருந்து, கத்தி பட்டு, இப்ப அது மெலிஞ்சி கெடக்கு. இந்த நேரத்துல நல்லாருக்க மத்த பாதி என்ன செய்யும்னா, அளவுக்கு மீறி சத்தம் போடும். நானே பாத்துக்கிடுதேன், நீ சும்மா கெடன்னு அத அமுக்கும். நாங்க இந்தக் காந்தத்தால நல்ல பக்கத்தக் கொஞ்சம் அமத்தி வைக்கோம். இது அமந்தா அது எந்திரிக்கப் பாக்கும்.”

“எந்திரிச்சிருமா?”

“சில பேருக்கு நல்லா வருது. சில பேருக்கு கொஞ்சம். சில பேருக்கு இல்ல. வாரத்துக்கு ஆறு நாளு, நாலு வாரம். ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுங்க. காந்தம் உழவு மட்டுந்தான். நாத்து நடுதது நீங்க. இங்கருந்து போனதும் அந்தக் கைக்கு வேல குடுக்கணும். நல்ல கைய உறையில போட்டு மூடி வச்சிரணும்.”

எனக்கு உடனே புரிந்தது. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் எங்கள் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம். ஒரு பக்கம் சத்தம் போட்டால் மற்றப் பக்கம் மெலியும் என்பதைக் காந்தம் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது இவர்களுக்கு.

ஆறாம் நாள் அவரை இழுத்துக்கொண்டு போன அண்ணன், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றார். அருவிக்குக் கூட்டிப்போகிறாராம். குற்றாலத்து அருவியில் தலையைக் கொடுத்தால் கோட்டி பிடித்த புத்தியும் தெளியும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு சொல் உண்டு. கோட்டிக்கும் கட்டிக்கும் இவர்களுக்கு வித்தியாசம் இல்லை. தலையோடு சம்பந்தப்பட்டது எல்லாம் ஒன்றுதான்.

“அந்தப் பிள்ள மிசின வச்சி டக்கு டக்குன்னு தட்டுதுல்லா, அதையேதான அருவி தட்டுது? ஆயிரம் என்ன, லச்சம் தட்டு. அதுவும் இயற்கை” என்றார்.

“அதான” என்றார் வீரகேரளம்புதூர்க்காரர். அவர் ஊருக்குப் போகவே இல்லை. வந்த வேலை முடியவில்லை போலிருக்கிறது.

“அத்தான், மண்டை ஓட்ட அறுத்து மூடி ரெண்டு மாசந்தான் ஆவுது” என்றேன் அண்ணனிடம்.

“ஒனக்கு என்ன தெரியும்? மலையில எத்தன மூலிகையத் தொட்டுட்டு வருது அந்தத் தண்ணி!”

என் வீட்டுக்காரர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “போங்க. மதுரையில மறுபடி அறுக்கணும்னா துணைக்கு ஒங்க அண்ணன் வருவாவ. நான் வர மாட்டேன்” என்றேன். போனார்கள். நானும் பின்னாலேயே போனேன்.

கார்த்திகை மாதம். அருவியில் கறுப்பு வேட்டிச் சாமிமார் கூட்டம். முந்தின ராத்திரி மலையில் மழை. தண்ணீர் கறுத்து, கனத்து விழுந்துகொண்டிருந்தது. எத்தனையோ ஆயிரம் பேரிடம் “எண்ணெயத் தேச்சிட்டு நேரா அருவில போய் மண்டையக் குடுங்க சாமி, பித்தம் பூரா எறங்கிரும்” என்று சொல்லி அனுப்பியவர், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தார். சாரல்தான் முகத்தில் அடித்தது. கால் நகரவில்லை. அண்ணன் இவர் முதுகில் கை வைத்துத் தள்ளினார். இவர் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வலது கையும் பிடிக்கப் போனது. பிடிக்க முடியாமல் கம்பியில் மோதி விழுந்தது. பாசியில் வழுக்கி அப்படியே முட்டி போட்டுவிட்டார். பக்கத்தில் ஒரு சாமி கைகொடுத்துத் தூக்கி, “பெரியவரே, வேண்டாம், தண்ணி வேகமா இருக்கு” என்றார். என் வீட்டுக்காரருக்கு நாற்பத்தேழு வயது. பெரியவர்.

அண்ணன் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். கூட்டம் சரியில்லையாம், சுத்தம் இல்லையாம். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் காலையிலும் மாலையிலும் வந்து எண்ணெய் தேய்த்தார். செத்த விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கிவிட்டு, “சூடு ஏறுது பாத்தியா, பாத்தியாலே” என்றார். எண்ணெய் சூடாக இருந்தது, ஏறத்தான் செய்யும். இவர் “ஆமா” என்றார்.

புதன்கிழமை காலையில் சொன்னேன். “கெளம்புங்க.”

“அண்ணன்?”

“அண்ணனுக்கு ரெண்டு கையும் நல்லாத்தான இருக்கு.”

எழுந்தார். பிறகு செருப்பைத் தேடினார். அவர் வாழ்க்கையில் அண்ணனைக் கேட்காமல் செய்த முதல் காரியம் அதுதான். அதையும் நான் சொல்லித்தான் செய்தார்.

டாக்டர் அம்மா திட்டவில்லை. மூன்று நாள் போய்விட்டது, விட்ட இடத்திலிருந்து போகலாம் என்றார். நல்ல கைக்கு ஒரு உறை கொடுத்தார்கள். அடுப்பிலிருந்து சட்டி இறக்குகிற துணி மாதிரி, தடிமனாக, விரல் இல்லாமல். வீட்டுக்கு வந்த பத்தாவது நிமிடம் அதைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டு இடது கையால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் பழைய சேலையைக் கிழித்து இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டினேன். தீப்பிடித்தால் அவிழ்க்கிற மாதிரி, ஆனால் பல்லுக்கு எட்டாத இடத்தில் முடிச்சு.

தெரு முழுவதும் தெரிந்துவிட்டது. “ஏட்டி, அவ புருசனக் கட்டிப்போட்டுல்லா சோறு போடுதா!” சுவருக்கு மேலே ஒரு தலை, ஜன்னலில் ஒரு தலை. அண்ணன் பெண்டாட்டி வந்து வாசலில் நின்று மூக்கைச் சிந்தினாள். “நோயாளி மனுசன இப்பிடிச் செய்ய ஒனக்கு எப்பிடி மனசு வருது?” என்றாள். “உள்ள வந்து அவுத்து விடுங்க. பொறவு காலத்துக்கும் நீங்களே ஊட்டி விடுங்க” என்றேன். அவள் உள்ளே வரவில்லை. இரக்கப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். இரக்கம் வாசல்படி வரைக்கும்தான் வரும்.

வலது கையால்தான் சாப்பிட வேண்டும். கைப்பிடியில் துணி சுற்றிய கரண்டியை விரலுக்குள் சொருகிவிடுவேன். வாய்க்கு வருவதற்குள் பாதி மடியில் விழும். மடியில் விழுந்ததைத் துடைக்க மாட்டேன். சாப்பாடு முடிந்ததும் எனக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, புகையிலை போடாத வெறும் பீடி இலையை அவர் கையில் கொடுப்பேன். ஊறவைத்து, அளவாக வெட்டிய இலை. அதைச் சுருட்ட வேண்டும். பெருவிரலும் அடுத்த இரண்டு விரலும் சேர்ந்தால்தான் இலை சுருளும். மூன்று வயதுப் பிள்ளை மாதிரி அழுதார். பொம்பளை வேலை என்றார். சனியன் என்றார், மூதி என்றார், நீ செத்தால்தான் எனக்கு விடிவு என்றார். நான் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே இருந்தேன். அவர் திட்டு நான் அறியாததா. இலை கீழே விழும். எடுத்துக் கொடுப்பேன். விழும். எடுத்துக் கொடுப்பேன். மிசினுக்கு ஆயிரத்து இருநூறு என்றால் எனக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு நாளைக்கு முன்னூறு தடவையாவது இலை அந்த விரலுக்குள் போய் வர வேண்டும்.

முதலில் விரல்கள் கொத்தாக மடங்கின. அது பத்தாம் நாள் வாக்கில். அப்புறம் பெருவிரல் தனியாக நகர்ந்தது. பிறகு ஒரு நாள், எதற்கோ என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். காபி ஆறிவிட்டது என்று நினைக்கிறேன். அப்போது வலது கை மடியிலிருந்து மேலே வந்தது. மற்ற விரல்கள் மடங்கியிருக்க, ஆள்காட்டி விரல் மட்டும் விறைத்து நீண்டு என் முகத்துக்கு நேராக நின்றது. அவருக்கே தெரியவில்லை. அப்படியே திட்டிக்கொண்டிருந்தார். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கிறேன் என்று கண்டதும் அவரும் பார்த்தார். திட்டு பாதியில் நின்றது. பதினாறு வருசமாகப் பழகிய வேலை அது. மூளைக்கும் பழகிய வழிதான் முதலில் ஞாபகம் வருகிறது.

மறுநாள் மிசின் பிள்ளையிடம் அதைச் செய்து காட்டச் சொன்னேன். வரவில்லை. “திட்டிக்கிட்டே நீட்டுங்க” என்றேன். நீட்டினார். மிசின் பிள்ளை சிரித்து, காந்தத்தைக் கீழே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “யாரத் திட்டினியோ அண்ணாச்சி?” என்று கேட்டாள். “யார் இருக்கா? இவளத்தான்” என்றார்.

விட்ட நாளையும் சேர்த்து நாலு வாரமும் முடிந்தது. பிறகும் நான் விடவில்லை; பங்குனி வரைக்கும் இலை சுருட்டினார். முழுக்க வந்தது என்று சொல்ல மாட்டேன். சுண்டுவிரலும் மோதிர விரலும் இன்றைக்கும் சோம்பேறிகள். குளிர் காலத்தில் மணிக்கட்டு விறைக்கும். ஆனால் சோறு பிசைகிறார். சட்டைப் பித்தான் போடுகிறார். குற்றாலத்தில் சாரல் சீசன் தொடங்கியதும் பெஞ்சுக்குத் திரும்பிப் போய்விட்டார். பழைய அழுத்தம் இல்லை. உள்ளங்கையையும் முழங்கையையும் வைத்துச் சமாளிக்கிறார். முதல் நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து, கையை என் முன்னால் நீட்டி எண்ணெய் வாசத்தைக் காட்டினார். அந்த ஒரு நாள் அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இரண்டாம் நாளிலிருந்து பேச்சு தொடங்கிவிட்டது.

“என் கையே செத்துக் கெடந்துச்சி சாமி. மதுரையில கைவிட்டுட்டான். தென்காசியில ஒரு கரண்டு மிசின் வச்சிருக்கான், அதுலயும் அஞ்சு நாளு உக்காந்து பாத்தேன். ஒரு பிரயோசனம் இல்ல. பொறவு நம்ம எண்ணெதான். நாப்பது நாளு. இந்தா பாருங்க கைய.” நான் சாப்பாடு கொண்டுபோன போது என் காதாலேயே கேட்டேன். என்னைப் பார்த்ததும் குரல் தாழ்ந்தது. நிற்கவில்லை. வீட்டில் கேட்டேன். “யாவாரம்னா அப்பிடித்தான். அண்ணன்தான் சொல்லச் சொன்னாவ” என்றார். காந்தம் மூளையின் நல்ல பக்கத்தை அமர்த்தும். குடும்பத்தின் நல்ல பக்கத்துக்கு மிசின் இன்னும் வரவில்லை.

அண்ணன் ஒரு போர்டும் வைத்தார். ‘செத்த கையை எழுப்பிய சித்த எண்ணெய்’ என்று சிவப்பு எழுத்து. கீழே என் வீட்டுக்காரர் கையை உயர்த்திச் சிரிக்கிற படம், ஆள் உயரத்துக்கு. படம் எடுத்தபோது வலது கை நேராக நிற்கவில்லை என்று போட்டோக்காரன் கையை மாற்றச் சொல்லியிருக்கிறான். ஆகையால் படத்தில் உயர்ந்திருப்பது இடது கை. என்றைக்கும் சாகாத கை. ஒரு வருசமாக ஆயிரக்கணக்கான பேர் அந்தப் போர்டுக்குக் கீழே நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். எந்தக் கை செத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் பக்கம் பார்த்த அண்ணனுக்கு இங்கே பக்கம் தெரியவில்லை.

நானும் பேசாமல்தான் இருந்தேன். அதையும் சொல்ல வேண்டும். சுற்றுலா வருகிறவன் முதுகுவலிக்கு எந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டு தேய்த்தால் என்ன என்று இருந்துவிட்டேன். முதுகுவலிக்காரர்கள் மட்டும்தான் போர்டு படிப்பார்கள் என்று நினைத்தேன்.

போன ஆடியில், ஒரு மத்தியானம், தூக்குவாளியோடு கடைக்குப் போனேன். இலஞ்சியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். தலையில் துணி கட்டியிருந்தாள்; ஓரத்தில் முடி புதிதாக முளைத்திருந்தது. இடது கையை வலது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிறத்தியார் பிள்ளையைச் சுமக்கிற மாதிரி வந்தாள். தையல் வேலை செய்கிறவளாம். அவளுக்கும் தலையில் கட்டி. எடுத்து மூன்று மாதம். அவளும் அதே ஆஸ்பத்திரியில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

“வா தாயி, உக்காரு” என்றார் அண்ணன். “இனிமே ஒனக்குக் கவலை இல்ல.”

என் வீட்டுக்காரர் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றினார். பெஞ்சில் உட்கார்ந்தவள் கையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அந்தக் கையின் கனம் அவருக்குத் தெரியும். மற்ற யாருக்கும் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். தேய்க்கத் தொடங்கவில்லை. அவளுடைய பெருவிரலை மெல்ல விரித்தார். விட்டதும் அது மடங்கிக்கொண்டது. மறுபடி விரித்தார்.

“அந்த மிசினு வீண் செலவுன்னு எல்லாரும் சொல்லுதாவ அண்ணாச்சி” என்றாள் அவள். “நீங்க அஞ்சு நாளுதான் போனியளாம், பொறவு எண்ணெயிலதான் சரியாச்சாம். பஸ்ஸுல ஒரு அக்கா சொன்னாவ. நானும் அஞ்சு நாளோட நிப்பாட்டிட்டேன். இந்தக் கை வந்தாத்தான் அண்ணாச்சி நான் துணிய நகத்தித் தைக்க முடியும்.”

துண்டு கட்டிக்கொண்டு நாலு பேர் முறைக்குக் காத்திருந்தார்கள். நான் வாளியைக் கீழே வைத்தேன். எனக்கு வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. நான் சொன்னால் அது பெண்டாட்டி பேச்சு. அண்ணன் ஒரே அதட்டில் அதை அமுக்கிவிடுவார். அவள் நம்ப வேண்டுமென்றால் கைக்காரன் சொல்ல வேண்டும். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“அஞ்சுதான் தாயி. அஞ்சே நாளு” என்றார் அண்ணன். “சொல்லுலே. வாயில என்ன வச்சிருக்கே? பிள்ள கேக்குதுல்லா.”

அவர் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். அவள் கையை விடவில்லை.

“நெசமா எத்தன நாளு அண்ணாச்சி உக்காந்திய?” என்று அவள் கேட்டாள்.

“இருபத்தி நாலு.”